இளைப்பு

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் குற்றாலம் ஞாபகம் வரும். எனக்கு நெஞ்சு ஞாபகம் வரும். ஆரியங்காவு கணவாய்க்குள் புகுந்த மேல்காற்று தென்காசியைத் தாண்டி, பாவூர்சத்திரத்தைத் தாண்டி, கீழப்பாவூர் குளத்துத் தண்ணீரை ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டு எங்கள் தெருவுக்குள் வரும். "சாரல் விழுந்துட்டு" என்று ஊரே சந்தோஷப்படும். தூத்துக்குடியிலிருந்து பெரியம்மா வீட்டு ஆட்களும் மெட்ராஸிலிருந்து மாமா வீட்டு ஆட்களும் வந்து இறங்குவார்கள். வேன் பிடித்து ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போவார்கள். நான் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆச்சியோடு வாசல் நடையில் உட்கார்ந்து வேன் போவதைப் பார்ப்பேன். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அருவியில் நான் முதன்முதலாகத் தலையைக் காட்டியது இருபது வயதில்.

ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்குத்தான் அது வரும். படுக்க முடியாது. மடியில் தலையணையை வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். மூச்சு உள்ளே போவதில் அவ்வளவு சிக்கல் இல்லை, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். இல்லாதவர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டம். வேண்டுமானால் இப்படிச் செய்து பாருங்கள். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொள்ளுங்கள். அதை முழுசாக விடாமல், அதற்கு மேலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து விட்டுக்கொண்டிருங்கள். பத்துத் தடவைக்குள் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கம் ஆஸ்துமா என்று யாரும் சொல்வதில்லை. இளைப்பு. கொஞ்சம் படித்தவர்கள் வீசிங் என்பார்கள். 'இளைப்பாறு' என்று அத்தனை தடவை எழுதியிருந்தும் அதற்குள் இந்தச் சொல் உட்கார்ந்திருப்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆச்சிக்கு இந்த நோயோடு ஒரு தனிப்பகை இருந்தது. அவளுடைய அண்ணன் ஒருவர் இளைப்பில்தான் போனார். கொல்லையில் வேலியாக நின்றது ஆடாதோடை. ஆடு தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் என்பாள். வேலிக்கு அதைவிடத் தோதான செடி இல்லை, ஆடு கடிக்காது, தண்ணீர் கேட்காது. அதில் ஏழெட்டு இலை பறித்து நடுநரம்பைக் கிள்ளிப்போட்டு, திப்பிலி நாலைத் தட்டி, ஒரு துண்டு அதிமதுரம் சேர்த்து, ஒரு செம்புத் தண்ணீர் கால் செம்பாகும் வரை அடுப்பில் வைப்பாள். தேன் கலந்து தருவாள். தேன் கலந்த கசப்பு வெறும் கசப்பைவிட மோசம் என்பது என் அபிப்பிராயம். காதுக்குப் பின்னால் வரைக்கும் கசக்கும். மதியம் தூதுவளைத் துவையல். ராத்திரி நல்லெண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுச் சூடுபண்ணி நெஞ்சில் தேய்ப்பாள். எல்லாம் முடிந்தும் இளைப்பு நிற்காவிட்டால் கருப்பட்டிக் காப்பி, பால் விடாமல், கட்டியாக.

அந்தக் காப்பி குடித்தபிறகு கொஞ்சம் லேசாவதுபோல இருக்கும். ஆச்சி கை பட்டதால் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் படித்தபோது தெரிந்தது, ஹென்றி ஹைட் சால்டர் என்ற லண்டன் டாக்டர், அவரே இளைப்புக்காரர், 1859-ல் ஆஸ்துமாவுக்குக் கட்டிக் காப்பி நல்லது என்று எழுதியிருக்கிறார். காப்பியில் உள்ள கஃபீனும், எங்கள் ஊர் மெடிக்கலில் இளைப்பு என்று சொன்னாலே எடுத்து நீட்டும் டெரிஃபிலின் மாத்திரையில் உள்ள தியோஃபிலினும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிப்போவதைக் கொஞ்சம் தளர்த்துகிற வேலையை இரண்டுமே செய்யும். காப்பி ரொம்பக் கொஞ்சமாகச் செய்யும். ராத்திரி மூன்று மணிக்கு அதுவே பெரிசு.

*

அம்மா பீடி சுற்றுவாள். கீழப்பாவூரில் இது ஒரு தகவலே இல்லை. எங்கள் தெருவில் சுற்றாத வீட்டைத்தான் அடையாளம் சொல்ல வேண்டும். தென்காசி, ஆலங்குளம், முக்கூடல், கடையம் என்று எந்தப் பக்கம் போனாலும் மதியத்துக்கு மேல் பெண்கள் மடியில் சொளவோடு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரியே இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் தகட்டை வைத்து அளவாக வெட்ட வேண்டும். சொளவில் ஒரு பக்கம் வெட்டின இலை, ஒரு பக்கம் தூள். இலையில் தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றினால் ஒரு பீடி. கட்டுக்கு இருபத்தைந்து. நாளைக்கு ஆயிரம் சுற்றினால்தான் கடையில் மரியாதை. கடை என்றால் பீடிக் கடை, சுற்றியதைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிவரும் இடம்.

அப்பாவுக்குப் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை. தக்காளி விலை மாதிரியே அவர் வருமானமும் ஏறி இறங்கும். பீடிதான் ஏறாமல் இறங்காமல் வந்தது. என் பள்ளிக்கூடச் சீருடையும் ஆச்சியின் கண் ஆபரேஷனும் பீடிதான். நான் தவழ்ந்தது அந்தச் சொளவைச் சுற்றித்தான். தூங்கினதும் அம்மாவின் தொடையில், தூளுக்கு ஒரு சாண் பக்கத்தில். எங்கள் வீட்டுத் துணி, பாய், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றிலும் புகையிலை வாசம் அடிக்கும். விடுமுறைக்கு வரும் மெட்ராஸ் மாமா பிள்ளைகள் மூக்கைப் பொத்தும்போதுதான் அப்படி ஒரு வாசம் இருப்பதே தெரியும்.

2002-ல், எனக்கு ஒன்பது வயதில், தென்காசியில் ஒரு பிள்ளைகள் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, முகர்ந்தார். உண்மையிலேயே முகர்ந்தார். பிறகு கேட்டார்.

"வீட்டுல யாரு பீடி சுத்துறது?"

"நாந்தான் டாக்டர்."

"தூள் இந்தப் பிள்ளைக்கு ஆகாதும்மா."

"நான் குடிக்கலையே டாக்டர். சுத்தத்தான செய்தேன்."

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த நாள் முதல் சொளவு பின்கட்டுக்குப் போனது. அதைப்பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப்பிறகு எனக்கு இளைப்பு வந்த ஒவ்வொரு ராத்திரியும் அம்மா என் பக்கத்தில் வருவதற்கு முன் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவாள். இரண்டு தடவை கழுவுவாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

எனக்கு ஆஸ்துமா வந்ததற்கு அந்தத் தூள்தான் காரணமா என்று கேட்டால், அப்படி ஒற்றை விரலை நீட்டிவிட முடியாது. ஆச்சியின் அண்ணனுக்கு இருந்தது. பரம்பரை உண்டு, ஒவ்வாமை உண்டு, விறகடுப்புப் புகை உண்டு. ஆனால் ஏற்கனவே வீங்கிச் சிவந்திருக்கிற மூச்சுக்குழாய்க்குப் புகையிலைத் தூள் எதிரி என்பதில் சந்தேகம் இல்லை. 1966-ல் பீடித் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1976-ல் நலநிதிச் சட்டம் வந்தது, முக்கூடலில் அவர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரியும் இருக்கிறது. சட்டம் எல்லாம் தொழிற்சாலைக்குள் காற்றோட்டம் பற்றிப் பேசும். தொழிற்சாலை எங்கள் வீட்டு நடுக்கூடம்.

*

டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒரு நீலப் பம்பு. கூடவே காலையும் மாலையும் தவறாமல் எடுக்க வேண்டிய இன்னொரு பம்பு. வீட்டுக்கு வந்ததும் ஆச்சி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, இத வாயில வச்சா அப்புறம் எடுக்க முடியாதாம்லா. பழகிருமாம். பொட்டப்பிள்ள, நாளைக்கு எவன் கெட்டுவான்?"

பம்பு பீரோவுக்குள் அம்மாவின் கல்யாணப் பட்டுக்கு அடியில் போனது. வீட்டுக்கு ஆள் வந்தால் அதை எடுக்கக்கூடாது. இளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், தப்பில்லை. 'சளி பிடிச்சிருக்கு' என்று சொல்லிக்கொள்ளலாம். பம்பை வாயில் வைத்தால்தான் நோய். மாத்திரைக்கு இந்தக் கதி இல்லை. மாத்திரை யார் வேண்டுமானாலும் போடுவது.

இந்த இடத்தில் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். நீலப் பம்பில் ஒரு அழுத்தில் வருவது 100 மைக்ரோகிராம் சால்பூட்டமால். அதே மருந்தின் மாத்திரை 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று வரும். அதாவது ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் நாற்பது அழுத்துக்கான மருந்து இருக்கிறது. நெஞ்சுக்குப் போக வேண்டியதை வயிற்றுக்குக் கொடுத்து, அங்கிருந்து ரத்தத்தில் ஊர் சுற்றவிட்டு, மிச்சம் நெஞ்சுக்கு வந்தால் சரி என்கிற ஏற்பாடு. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பயந்துகொண்டு சின்ன மருந்தை ஒளித்துவைத்துவிட்டுப் பெரிய மருந்தை விழுங்கிக்கொண்டிருந்தோம்.

பம்பு வந்த கதையே ஒரு பெண்பிள்ளையால்தான். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடி உருண்டையும் ரப்பர் குமிழுமாக ஒன்றை வைத்து அமுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண், முடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதைச் செய்யக்கூடாதா என்று 1955-ல் அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருஷமே முதல் பம்பு கடைக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு யாரும் பட்டுச்சேலைக்கு அடியில் ஒளித்துவைக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று முன்பு நினைப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை. பம்பை ஒளிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

தினசரிப் பம்பைத்தான் நாங்கள் முதலில் விட்டோம். அது உடனே ஒன்றும் செய்யாது. வீக்கத்தை மெதுவாக வற்றவைக்கும். நீலப் பம்போ இரண்டு நிமிஷத்தில் மூச்சை விடுவிக்கும், ஆனால் வீக்கத்தைத் தொடாது. கண்ணுக்குத் தெரிந்து வேலை செய்கிறவனுக்குத்தானே கூலி. அதனால் நீலம் மட்டும், முடியாதபோது மட்டும். இது எங்கள் வீட்டு முட்டாள்தனம் என்று ரொம்ப நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். உலகம் முழுக்க இதேதான் நடந்திருக்கிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வகுக்கும் 'ஜினா' அமைப்பு, பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் வெறும் நீலப் பம்பை மட்டும் கொடுக்கக்கூடாது என்று 2019-ல்தான் சொன்னது.

*

பத்தாம் வகுப்புக்கு முந்தின வருஷம் ஒரு பொடி வந்தது.

யார் சொல்லி வந்தது என்பது இப்போது முக்கியம் இல்லை. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு ஊரில், ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கொடுத்தார். மூலிகை மட்டும்தான் என்றார். இங்கிலீஷ் மருந்து எதையும் தொடக்கூடாது என்பது நிபந்தனை. காகிதப் பொட்டலத்தில் சாம்பல் நிறப் பொடி, தேனில் குழைத்து காலை ஒரு வேளை. மூன்றாம் நாள் நான் மாடிப்படியில் ஓடி ஏறினேன். மூன்றே நாள். ஆச்சி முத்தாரம்மனுக்குப் பொங்கலிட்டாள். அம்மா இரண்டு பம்புகளையும் எடுத்துக் குப்பையில் போட்டாள். போடும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் குறைசொல்ல மாட்டேன். ஐந்து வருஷமாகக் கை கழுவிக்கொண்டிருந்த ஒருத்தியின் நிம்மதி அது.

எட்டு மாசம் சாப்பிட்டேன். பசி எடுத்தது. உடம்பு போட்டது. முகம் உருண்டு வந்தது. "பிள்ள இப்பதான் பூசுனாப்புல லெச்சணமா இருக்கா" என்றார்கள் தெருவில். தொடையிலும் வயிற்றிலும் சிவப்பு சிவப்பாகக் கோடு விழுந்தது. அதை யாரிடமும் காட்டவில்லை, வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கு அப்படி வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஐப்பசி அடைமழையில் இரண்டு வாரம் பொடி வாங்கப் போக முடியவில்லை. மூன்றாவது வாரம் போனபோது ஆள் இல்லை, பூட்டியிருந்தது. அந்த வாரமே காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு இளைப்பு. முன்னே வந்ததெல்லாம் இளைப்பே இல்லை. ஒரு வார்த்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுகூட நின்றுபோனது. சத்தம் நின்றதும் ஆச்சி "கொறஞ்சிட்டு" என்றாள். காற்றே போகாதபோது சத்தம் வராது, அதுதான் ஆகக் கெட்ட அறிகுறி என்று எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அப்பா மார்க்கெட்டில் லோடு ஏற்ற நின்ற ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து வந்தார். கத்தரிக்காய் மூட்டைகளின்மேல் என்னைச் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அந்தச் சணல் சாக்கின் வாசமும், அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே "விடு, விடு, விடு" என்று சொன்னதும்தான். மூச்சை விடச் சொன்னாள்.

ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, மூன்றாவது நாள் எழுந்து உட்கார்ந்தேன். பெரிய டாக்டர் என் முகத்தையே பார்த்தார். சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார்.

"என்ன பொடி சாப்பிட்ட?"

நாங்கள் யாரும் பொடி பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவருக்கு முகத்திலேயே எழுதியிருந்தது. உருண்ட முகம், சிவப்புக் கோடு, மூன்றே நாளில் அதிசயம், நிறுத்தினதும் விழுவது. இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பது டாக்டர்களுக்குப் பழகிப்போன கதை. உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும். வெளியிலிருந்து மாசக்கணக்காக வந்துகொண்டிருந்தால் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். திடீரென்று வெளிவரத்து நின்றால், காய்ச்சலைத் தாங்க உள்ளேயும் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அப்படி விழுந்தேன். பிறகு அதே ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்து, மாசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். தினசரிப் பம்பில் இருப்பதும் ஸ்டீராய்டுதான், மைக்ரோகிராம் கணக்கில், நெஞ்சுக்கு மட்டும். அதற்குப் பயந்துதான் இதற்குள் போய் விழுந்திருக்கிறோம்.

அந்த டாக்டர் என்னைக் காப்பாற்றினார். ஆனால் அன்றைக்கு அவர் வைத பேச்சில் ஒரு பிழை இருந்தது. "எல, தழ, கசாயம், பொடின்னு வீட்டுல இனிமே ஏதாவது பார்த்தேன்னா..." என்று ஆச்சியைப் பார்த்துச் சொன்னார். ஆச்சி தலையைக் குனிந்துகொண்டாள். பொடி கொடுத்தவனையும் ஆடாதோடை கொதிக்கவைத்தவளையும் ஒரே கூண்டில் ஏற்றிவிட்டார். ஆச்சி அதற்குப்பிறகு அடுப்பில் எதையும் வைக்கவில்லை. நான் இருமினால் எழுந்து வந்து வாசல்வரை நிற்பாள். "பம்ப எடுத்தியாட்டி?" என்பாள். போய்ப் படுத்துக்கொள்வாள். 2011-ல் போய்ச் சேர்ந்தாள். ஒரு தடவையாவது நானாகக் கேட்டு அந்தக் கசாயத்தை வாங்கிக் குடித்திருக்கலாம்.

*

பாளையங்கோட்டையில் கல்லூரி படித்த மூன்று வருஷமும் எனக்கு இந்த வழக்குதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி செய்தது மூடநம்பிக்கையா, மருந்தா?

கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஆடாதோடையில் வாசிசின் என்ற சத்து இருக்கிறது. அதை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாகச் செய்யப்பட்டதுதான் புரோம்ஹெக்சின். அதிலிருந்து வந்ததுதான் ஆம்புராக்சால். மெடிக்கலில் வாங்குகிற பாதிச் சளி மருந்து பாட்டில்களின் முதுகில் இந்த இரண்டில் ஒன்றின் பெயர் இருக்கும். எடுத்துப் பாருங்கள். எங்கள் கொல்லை வேலி, வேறு சட்டை போட்டுக்கொண்டு எண்பது ரூபாய்க்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஊமத்தையின் கதை இன்னும் விசேஷம். 1800-வாக்கில் மெட்ராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். ஊமத்தையைப் புகைத்தால் இளைப்பு தணிகிறது என்பதை இங்கேதான் அறிந்தார். ஜெனரல் ஜென்ட் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்க ஆஸ்துமா சிகரெட் என்று ஒன்று பரவி, நூறு வருஷத்துக்கு மேல் மருந்துக்கடைகளில் விற்றது. மார்செல் ப்ரூஸ்ட் ஜன்னலை எல்லாம் அடைத்துக்கொண்டு புகைத்தது அந்த வகைதான். ஊமத்தையில் உள்ள அட்ரோபினைத் திருத்தி, விஷத்தைக் குறைத்து எடுத்ததுதான் இன்றைக்கு நெபுலைசரில் ஊற்றுகிற இப்ராட்ரோப்பியம். யாரும் உடனே வேலியோரம் ஊமத்தை தேடிப் போய்விட வேண்டாம். அது ஆளைக் கொல்லும். ஒரு காய்க்கும் இன்னொரு காய்க்கும் விஷத்தின் அளவு மாறும், அதுதான் சிக்கலே.

இதையெல்லாம் படித்தபோது முதலில் வந்தது ஒரு திமிர். பார்த்தீர்களா, எல்லாம் எங்கள் ஆச்சிக்குத் தெரியும் என்று நாலு பேரிடம் சண்டை போட்டேன். அந்தத் திமிர் ஒரு வருஷம் தாங்கியது. பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. வாசிசினின் பிள்ளைகள் சளியை இளக்குகின்றன, அவ்வளவுதான். வீக்கத்தை வற்றவைக்கிற வேலையைச் செய்வதில்லை. ஆச்சியின் கசாயம் குடித்த மறுநாள் காலையில் சளி இளகி வெளியே வரும், லேசாக இருக்கும். அடுத்த ராத்திரி மறுபடி வரும். என் அனுபவமும் புத்தகமும் இந்த இடத்தில் ஒத்துப்போயின. ஆச்சியின் அண்ணனுக்கும் கசாயம் கொடுத்துத்தான் பார்த்திருப்பார்கள்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் தொடங்கியது. அந்த ஊரில் சித்த மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு மருத்துவரிடம் போனேன், அம்மா வயது. நாடி பிடித்துப் பார்க்கும் முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்ஹேலர் எடுக்கியாம்மா?"

"எடுக்கேன் மேடம்."

"அத நிறுத்தச் சொல்லுதவன் யாரா இருந்தாலும் அங்கேருந்து எந்திரிச்சு வந்துரு. நானே சொன்னாலும் சரி."

ஆடாதோடை மணப்பாகும் தாளிசாதி சூரணமும் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டை நெஞ்சு டாக்டரிடம் காட்டச் சொன்னார். பொட்டலத்தில் பெயர் இல்லாமல் எது வந்தாலும் வாங்கக்கூடாது என்றார். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவீர்களா என்று கேட்டார். போடுவோம் என்றேன். "அது இயற்கைதான். கொசுவர்த்தியும் பாதி இயற்கைதான். உன் நெஞ்சுக்கு அதெல்லாம் தெரியாது" என்றார். மூச்சுப்பயிற்சி இரண்டு சொல்லிக்கொடுத்தார். மூச்சுப்பயிற்சி நுரையீரலின் அளவை மாற்றிவிடாது, ஆனால் இளைப்பு வரும்போது ஏற்படுகிற பதற்றத்தைக் குறைக்கும், பதற்றத்தில் வேகமாக இழுப்பது நிற்கும் என்று அவர் சொன்னது இன்றுவரை எனக்குச் சரியாக இருக்கிறது.

நெஞ்சு டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன். பயந்துகொண்டேதான் காட்டினேன். படித்துவிட்டு, "சாப்பிடுங்க. ஆனா ரெண்டு பம்பையும் விட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். ஆச்சிக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்திருக்க வேண்டிய பேச்சு இது. பத்து வார்த்தைகூட இல்லை. அந்த வருஷ சீசனில்தான் பழைய குற்றாலத்துக்குப் போய்க் குளித்தேன், பம்பைக் கவரில் சுற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு.

2019-ல் வயிற்றில் பிள்ளை நின்றபோது பம்பைத் தொடரலாம், தொடரத்தான் வேண்டும் என்றார்கள். ஆடாதோடையைத்தான் நிறுத்தச் சொன்னார்கள், அது கருப்பையை இறுக்கக்கூடியது என்பதால். சொன்னவர் அதே சித்த மருத்துவர்தான். செடி சாது, பம்பு பொல்லாதது என்று நம்பியிருந்த எங்கள் தெருவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

*

மூன்று வருஷம் முன்னால் அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு குளத்துக்கரை ஏறினால். பிறகு பேசும்போது. நான் போனில் பேசும்போதே அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். என் நெஞ்சுக்குள் பத்து வருஷம் கேட்ட சத்தம் அது.

"எம்மா, இளைக்கியாம்மா?"

"இல்லட்டி, தூசி."

தென்காசிக்குக் கூட்டிப்போய்க் குழாயில் ஊதவைத்தோம். பாதி ஆஸ்துமா, பாதி நாற்பது வருஷத் தூளும் விறகும் என்றார் டாக்டர். தூளை விடச் சொன்னார். அம்மா சிரித்தாள். இன்னும் கொஞ்ச வருஷம் சுற்றினால் பென்ஷன் கணக்கு சரியாகும், பி.எஃப். இருக்கிறது, அட்டையை விட்டுவிட்டால் திரும்ப வாங்க முடியாது. நான் மாசாமாசம் பணம் அனுப்புகிறேன் என்றேன். "உன் பணம் உன் பணம்" என்றாள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. அவள் சொல்வது பணம் பற்றி இல்லை என்று மட்டும் புரிகிறது.

பம்பைக் கொடுத்தேன். அடுத்த மாசம் போனபோது பீரோவைத் திறந்தேன். கல்யாணப் பட்டுக்கு அடியில், சீல் பிரிக்காமல்.

அன்றைக்கு நான் கத்திய கத்தலைப் பக்கத்துவீட்டு மதினி வந்து நிறுத்தவேண்டியதாயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். இரண்டாவது தடவையும் கழுவினாள். நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். திரும்பி வந்து, "உனக்கு நாந்தான தந்தேன். எனக்கு வந்தா வரட்டும்னு இருந்துட்டேன்" என்றாள்.

இருபது வருஷமாக இரண்டு பேரும் சொல்லாமல் வைத்திருந்த பேச்சு. "நீ தரலம்மா, ஆச்சி அண்ணன் தந்தாவ" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் நம்பினாளா என்று கேட்டால், இல்லை.

சாயங்காலம் வேலியில் இலை பறித்து வந்து அடுப்பில் வைத்தாள். ஆச்சி போனபிறகு அந்த வீட்டில் முதல்முறையாக அந்த வாசம். திப்பிலி கூடிவிட்டது, ஆச்சி கைப்பக்குவம் இல்லை. இரண்டு தம்ளரில் ஊற்றினாள். நீ பம்பை எடு, நான் இதைக் குடிக்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டோம். ஒப்பந்தத்தில் எனக்கு நஷ்டம்தான், கசப்பு அப்படி.

சொளவு இப்போது கொல்லையில், வேப்பமரத்தடியில். துணியைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறாள். ஆயிரம் இல்லை, ஐந்நூறு. விடவில்லை.

நான் ஊரில் இருக்கும் நாட்களில் காலையில் பின்நடையில் இரண்டு பேரும் பம்போடு உட்காருவோம். மூச்சை முழுசாக விட்டுவிட்டு, பம்பை வாயில் வைத்து அமுக்கி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து விநாடி நின்றால்தான் மருந்து அடிவரை இறங்கும். அம்மாவுக்கு அந்த இடத்தில்தான் சிக்கல். அவள் விரல் விட்டு எண்ணுகிற வேகம் பீடி எண்ணுகிற வேகம். கட்டுக்கு இருபத்தைந்தை மூச்சுவிடுவதற்குள் எண்ணிப் பழகியவள். பத்து மூன்று விநாடியில் முடிந்துவிடுகிறது. அதனால் எண்ணுவது நான்.

"ஒண்ணு..."

கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

"ரெண்டு..."

கையால் சீக்கிரம் சீக்கிரம் என்கிறாள்.

"இரும்மா. மூணு..."